புரவி ஆசான்: தகுதியும் சான்றும்

நன்னூலின் பாயிரம், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்னரே, ஆசிரியன் யார், ஆசிரியன் ஆகாதவன் யார் என்று வகுத்துரைக்கிறது. நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் நல்லாசிரியனுக்கு உவமைகளாயின. திணித்தாலன்றி உட்கொள்ளாமலும், பறித்தாலன்றி வெளிவிடாமலும் இருக்கும் பருத்திக் குண்டிகை, கற்பிக்கத் தகாதவனுக்கு உவமையாயிற்று. கற்பிக்கத் தகுந்தவர் யார் என்னும் இவ்வினா இலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று. உடலால் பயிலும் கலைகளில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. பிழையாகக் கற்ற யாப்பு ஒரு வெண்பாவைக் கெடுக்கும். பிழையாகக் கற்ற குதிரையேற்றமோ ஏறியவன் கழுத்தை முறிக்கும். ஏறப்பட்ட விலங்கின் முதுகையும் முறிக்கும்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கவிதைக்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு கலையின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன். குதிரையேற்றம் கற்பிக்கும் ஆசான்கள் எவ்வாறு உருவாயினர்? அவர்தம் தகுதியை யார், எவ்வாறு உறுதி செய்தனர்? இவ்விரண்டு வினாக்களே இக்கட்டுரையின் எல்லை.

மாபாரில் மாண்ட குதிரைகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அந்நிலத்தை மாபார் என்று குறிப்பிடுகிறார். இந்நாட்டில் குதிரை பிறப்பதில்லை; ஆர்முசு, கிசு, ஏடன் முதலிய துறைகளின் வணிகர்கள் கப்பல் கப்பலாகக் கொணர்ந்து பொன்னுக்கு விற்கின்றனர்; மன்னன் ஒருவனே ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்கு மேல் வாங்க விரும்புகிறான்; ஆண்டிறுதியிலோ 100 குதிரைகளும் எஞ்சுவதில்லை என்பது அவர் தரும் செய்தி. பயணியின் எண்களில் மிகை இருக்கலாம். ஆயின் அவர் கூறும் காரணம் நம்மைத் திடுக்கிட வைப்பது. குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை. குதிரை மருத்துவரும் இல்லை. வணிகர்கள் அத்தகைய மருத்துவரைத் தம்முடன் கொணர்வதும் இல்லை, பிறர் வருவதை விடுவதும் இல்லை. குதிரைகள் மாள மாளத்தானே அவர்தம் விற்பனை வளரும்!

குதிரையின் ஐவகை நடைக்கு மல்லகதி, மயூரகதி எனத் தனித்தனிப் பெயரிட்ட மொழி நம்முடையது. குதிரை வாங்கப் பாண்டியன் பொருள் கொடுத்து அமைச்சரை அனுப்பியதும், நரி பரியானதும் மாணிக்கவாசகர் வரலாற்றில் நாம் வழிவழியாகக் கேட்டு வருவன. ஆவுடையார்கோயில் மண்டபத்தில் குதிரைகள் இன்றும் கல்லில் நிற்கின்றன. சொல் இருந்தது, பொன் இருந்தது, கதையும் சிற்பமும் இருந்தன. அறிவைக் கைமாற்றும் ஆள் இல்லை என்பதே வெனிசு வணிகரின் சாட்சியம். மருத்துவனைக் குறித்து அவர் சொன்னது ஆசானுக்கும் பொருந்தும். குதிரையை விலைக்கு வாங்கலாம். ஆசானை உருவாக்கத்தான் வேண்டும். மேலும், அறியாமையால் ஊதியம் பெறுகின்றவன் ஒருநாளும் ஆசானை அனுப்பமாட்டான். இவ்விரண்டு உண்மைகளையும் மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

களிமண் ஏடும் கிரேக்க ஏடும்

குதிரைப் பயிற்சி பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று, இன்றைய துருக்கியில் ஹிட்டைட் பேரரசின் தலைநகராக இருந்த ஹத்துசாவின் இடிபாடுகளில் களிமண் பலகைகளாகக் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 3400 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்நூலைச் சொன்னவன் மித்தானி நாட்டுக் கிக்குலி. தேரில் பூட்டும் குதிரைகளை நாள்தோறும் எவ்வளவு தொலைவு ஓட்டுவது, எப்போது நீராட்டுவது, எப்போது தீனி கொடுப்பது என அது முறைப்படுத்திச் செல்கிறது. சுற்றுகளை எண்ணுமிடத்தில் ஐக, பன்ச, சத்த என்று வடமொழிக்கு நெருங்கிய எண்ணுப்பெயர்கள் வருவது மொழி ஆராய்ச்சியாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. நமக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. நூலின் முதலடியிலேயே கிக்குலி தன் பெயரையும் நாட்டையும் தொழிலையும் சொல்லிக்கொள்கிறான். அயல்நாட்டு அரசவையில் அவனுக்கிருந்த சான்று அவன் பெயரும் அவன் நாட்டுப் புகழுமேயாம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்சு நகரத்துச் செனோபோன் குதிரையேற்றக் கலை பற்றித் தனிநூல் இயற்றினார். தமக்கு முன் இப்பொருள் குறித்து எழுதிய சைமன் என்பவரைப் பெயர் சுட்டிப் போற்றிய பின்னரே அவர் தம் கருத்தைத் தொடங்குகிறார். வற்புறுத்திச் செய்விக்கும் செயலைக் குதிரை உணர்ந்து செய்வதில்லை. கூத்தனைச் சாட்டையால் அடித்து ஆடவைத்தால் அழகு பிறக்குமா என்பது அவர் எழுப்பும் வினாவின் சாரம். இங்கே சான்று என்பது நூல். நூலுக்குச் சான்று முன்னோன். நம் மரபில் வழிநூல் செய்வோன் முதல்நூலைச் சுட்டுவதை ஒத்தது இது.

அரசவைப் பள்ளிகள்

ஐரோப்பாவில் குதிரையேற்றம் தனிக்கலையாகப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்சு நகரை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1550ஆம் ஆண்டு வெளிவந்த ஃபெடரிகோ கிரிசோனேயின் நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. முரட்டுக் குதிரையை அடக்க அவர் கூறிய தண்டனைகள் படிப்போர் உள்ளத்தை நடுங்கச் செய்வன. அந்நகரில் பின்யத்தெல்லியிடம் பயின்று பிரான்சு திரும்பிய அந்துவான் த ப்ளூவினெல், 1594ஆம் ஆண்டு பாரிசில் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். உயர்குடி இளைஞர்க்குக் குதிரையேற்றத்தோடு வாட்பயிற்சியும் ஆடலும் கணிதமும் அங்கே கற்பிக்கப்பட்டன. பதின்மூன்றாம் லூயி மன்னர்க்கு ஆசானாக அமர்ந்த ப்ளூவினெல், அடியை இறுதிக் கருவியாக்கிப் பொறுமையை முதற்கருவியாக்கினார். அவர் மறைந்த பின் 1623இல் வெளிவந்த நூல், மன்னரும் ஆசானும் உரையாடும் வடிவில் அமைந்தது. அவ்வழியில் வந்த கெரினியேர் 1733இல் முழுமையாக வெளியிட்ட குதிரையேற்றப் பள்ளி என்னும் நூல் இன்றளவும் இக்கலையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அந்நூலின் நெறி இடையறாது வாழ்ந்துவரும் இடம் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியாகும். குதிரைகளின் மூதாதையர் ஸ்பெயினிலிருந்து வந்தமையால் இப்பெயர். 1729இல் தொடங்கி 1735இல் முடிந்த அதன் வெண்ணிற மண்டபத்துள் நுழையும் ஒவ்வொரு வீரரும், அதைக் கட்டுவித்த ஆறாம் சார்லசு பேரரசரின் ஓவியத்தை நோக்கித் தொப்பியைக் கழற்றி வணங்குவது இன்றும் தொடரும் மரபு.

இப்பள்ளியில் ஆசான் உருவாகும் முறை நம் குருகுல முறையை நினைவூட்டும். புதிதாகச் சேரும் மாணவன் முதலில் கடிவாளத்தையே தொடுவதில்லை. அங்கவடியும் இல்லை. வட்டமாகச் சுற்றிவரும் முதிர்ந்த குதிரையின் முதுகில் வெறுமனே அமர்கிறான். நீள்கயிற்றின் மறுமுனையை ஆசான் பிடித்திருக்கிறார். இருக்கை நிலைபெறும்வரை மாதக்கணக்கில் இதுவே பாடம். எல்லாம் அறிந்த முதிய குதிரை இளைய மாணவனுக்குக் கற்பிக்கிறது. கற்றுத் தேர்ந்த மாணவன் பின்னர் ஒன்றும் அறியாத இளங்குதிரைக்குக் கற்பிக்கிறான். தானே ஒரு குதிரையைத் தொடக்கம் முதல் பயிற்றி அரங்கில் நிறுத்திய பின்னரே அவன் முழுமையான வீரன் எனப்படுவான். இதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். கற்றதற்குச் சான்று கற்பித்துக் காட்டுவதே என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் முறை அரிது.

இம்மரபு பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தது. 1898ஆம் ஆண்டுதான் பயிற்சி நெறிகள் சுருக்கமாக எழுத்து வடிவம் பெற்றன. வாய்மொழி மரபுக்குரிய ஆபத்தும் இதற்கு நேர்ந்தது. 1945 மார்ச்சில், குண்டுவீச்சுக்கு உள்ளான வியன்னாவிலிருந்து பள்ளித் தலைவர் அலாய்ஸ் போதாய்ஸ்கி குதிரைகளை மேற்கே சாங்ட் மார்டின் என்னும் ஊருக்குக் கொண்டுசென்றார். அவ்வாண்டு மே 7ஆம் நாள் அமெரிக்கத் தளபதி பேட்டன் முன்னிலையில் ஒரு நிகழ்ச்சி நடத்தி, பள்ளியைக் காக்குமாறு வேண்டினார். பேட்டனும் குதிரைப்படையிலிருந்து வந்தவர்; வேண்டுகோள் ஏற்கப்பட்டது. 1955ஆம் ஆண்டுதான் பள்ளி மீண்டும் வியன்னா மண்டபத்துக்குத் திரும்பியது. சில மனிதர்களின் உடலிலும் சில குதிரைகளின் உடலிலும் மட்டுமே வாழும் அறிவு, ஒரே குண்டில் அழியக்கூடியது. 2015இல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபாக ஏற்றமைக்கு இதுவும் பொருள் சேர்க்கிறது.

குருமரபுக்கு மற்றொரு குறையும் உண்டு. வாயிலைத் திறப்பவர் யாரோ அவர் விரும்பியவரே உள்ளே வரலாம். நூற்றாண்டுகள் பல கடந்து 2008ஆம் ஆண்டுதான் இப்பள்ளியில் முதன்முதலாகப் பெண்கள் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். கலை உயர்ந்தது, வாயில் குறுகியது. இரண்டும் உண்மையே.

பதவியே தகுதியான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசான்களை உருவாக்கும் பொறுப்பு அரசவையிலிருந்து படைக்குச் சென்றது. பிரான்சின் சோமூர், இத்தாலியின் பினெரோலோ, ஜெர்மனியின் ஹனோவர் ஆகிய இடங்களில் குதிரைப்படைப் பள்ளிகள் சிறந்து விளங்கின. பினெரோலோவில் பயிற்றிய ஃபெடரிகோ காப்ரில்லி, தடை தாண்டும் குதிரையின் இயல்பான அசைவை உற்றுநோக்கி, வீரன் பின்னால் சாய்வதை விட்டு முன்னோக்கி அதனுடன் செல்ல வேண்டுமென்று நிறுவினார். 1907இல் தம் 39ஆம் வயதில் குதிரையிலிருந்து விழுந்து மறைந்த அவர் எழுதிவைத்தது மிகக் குறைவு. ஆயினும் அவரிடமும் அவர் மாணவரிடமும் பயின்ற பன்னாட்டு அதிகாரிகள் வழியே உலகம் முழுதும் அம்முறை பரவியது.

ஜெர்மானியப் படையின் 1912ஆம் ஆண்டுப் பயிற்சி விதிநூலின் வழிவந்த பயிற்சிப் படிநிலை ஆறு கூறுகளை உடையது. தாளம், தளர்ச்சி, தொடர்பு, உந்துவிசை, நேர்மை, ஒருங்கமைவு என அவற்றைத் தமிழில் சொல்லலாம். தளர்ச்சியாவது இங்குச் சோர்வன்று; இறுக்கம் நீங்கிய நிலை. தாளமே முதற்படி என்பதைக் கவிஞர்கள் கருதுதல் வேண்டும். அடி சீராக விழாத குதிரையிடம் வேறெதையும் கேட்பதில் பயனில்லை என்பது அவர்கள் கண்ட முடிபு.

படையில் சான்றிதழுக்குத் தேவை எழவில்லை. தோளில் இருந்த பட்டையே தகுதியைச் சொல்லிற்று. இம்முறை எவ்வளவு பொருளற்றதாகக்கூடும் என்பதற்கு 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் சான்று. நடைப்பயிற்சிப் போட்டியில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அவ்வணியின் கெஹ்னால் பெர்சன் சார்ஜண்டு நிலையில் இருந்தவர். அதிகாரிகள் மட்டுமே படை சார்பில் கலந்துகொள்ளலாம் என்ற விதிக்காக அவரை லெப்டினன்டாக உயர்த்தி, போட்டி முடிந்ததும் பழைய நிலைக்கே இறக்கிவிட்டனர். செய்தி வெளியானதும் 1949இல் சுவீடனின் பதக்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்குச் சென்றது. குதிரைக்குத் தன் முதுகில் இருப்பவர் சார்ஜண்டா லெப்டினன்டா என்பது தெரியாது. விதி விரைவிலேயே மாறியது. 1952இல் ஹெல்சிங்கியில் அதே மூவர் அணி மீண்டும் தங்கம் வென்றது.

அதே ஹெல்சிங்கியில் பெண்களும் முதன்முறையாக இப்போட்டியில் ஆடவருடன் நின்றனர். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல், 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தவர். பிறர் துணையின்றிக் குதிரைமீது ஏறவோ இறங்கவோ அவரால் இயலாது. அவர் வெள்ளி வென்றார். உடல் ஊனமுற்றோர்க்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் இயக்கத்துக்கு அவர் வாழ்வு பெரும் ஊக்கமாயிற்று. பிரிட்டனில் அதற்கெனத் தனிச் சங்கம் 1969இல் அமைந்தது. கற்போர் யார் என்ற எல்லை விரிந்தபோது, கற்பிப்போர் என்ன அறிந்திருக்க வேண்டும் என்பதும் விரிந்தது.

அறிமுகமற்றோர் இடையே ஒரு தாள்

இயந்திர ஊர்திகள் வந்தபின் குதிரைப்படைகள் ஒன்றொன்றாகக் கலைந்தன. பிரிட்டனில் 1928இல் தொடங்கிய மாற்றம் இரண்டாம் உலகப்போருக்குள் ஏறக்குறைய முற்றுப்பெற்றது. ஆசான்களை வார்த்த உலை அணைந்தது. ஆனால் குதிரையேறக் கற்க விரும்பிய மக்கள் குறையவில்லை, கூடினர். நான்கு குதிரைகளும் ஒரு லாயமும் உடைய எவரும் பள்ளி என்று பலகை மாட்டலாம் என்ற நிலை. தன் மகளை அழைத்துவரும் தாய்க்கு அப்பலகைக்குப் பின்னிருப்பவர் யாரென்று எவ்வாறு தெரியும்?

அரசவையில் ஆசானை எல்லோரும் அறிவர். படையில் பதவி அறிவிக்கும். நகரத்தில் ஆசானும் மாணவரும் ஒருவரையொருவர் அறியாதவர். அறிமுகமற்றோர் இடையே நம்பிக்கைக்கு ஒரு தாள் தேவைப்பட்டது. சான்றிதழின் பிறப்பு இதுவே.

1925இல் இங்கிலாந்தில் குதிரைக் கழகம் ஒன்று தோன்றியது. அதுவும் தேசியக் குதிரைச் சங்கமும் 1947இல் இணைந்து பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் ஆயிற்று. துணைப் பயிற்றுநர், பயிற்றுநர், அவற்றின்மேல் மதிப்புறு உறுப்பினர் எனப் படிப்படியாகத் தேர்வுகள் அமைந்தன. பட்டங்களின் பெயர்களும் அடுக்குகளும் பின்னர் மாறினும் தேர்வின் உள்ளீடு மாறவில்லை. குதிரை ஏறிக் காட்ட வேண்டும். தீனி, லாடம், நோய், லாயத் தூய்மை ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். தேர்வாளர் முன்னிலையில் மாணவர்க்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஏறத் தெரிவது வேறு, பேணத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு என்ற பாகுபாடே இத்தேர்வின் பெருங்கொடை. முதலொன்றில் வல்லவர் மூன்றாவதில் பருத்திக் குண்டிகையாக இருக்கலாம் அல்லவா?

1964ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம், குதிரையேற்ற நிலையங்கள் உள்ளாட்சியின் உரிமம் பெறவேண்டும் என்றும், உரிமம் கோருவோர்க்கு மேற்கூறிய சான்றிதழோ குதிரை பேணிய பட்டறிவோ இருக்கவேண்டும் என்றும் விதித்தது. கால்நடை மருத்துவர் ஆய்வு செய்வார். 1970இல் இது மேலும் இறுகியது. 3 வயதோ அதற்குக் குறைவோ உள்ள குதிரையில் ஏற்றலாகாது; 16 வயது நிரம்பாதவர் பொறுப்பில் மாணவரை விடலாகாது; காப்பீடு வேண்டும். 2018இல் இங்கிலாந்தில் விலங்கு நலனை முன்னிறுத்தும் புதிய விதிகள் இவற்றின் இடத்தைப் பெற்றன. இவ்விதிகளில் கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று குறைகூறுவோர் உண்டு. உண்மைதான். மாபாரில் மாண்ட குதிரைகளை நினைத்துப் பார்க்கும்போதுதான் இவ்வறண்ட சொற்களின் ஈரம் புலப்படும்.

ஜெர்மனியில் குதிரைத் தொழில் அரசு ஏற்ற 3 ஆண்டுத் தொழிற்பயிற்சியாகவே உள்ளது. அதன்பின் தேர்ந்த கைவினைஞர்க்குரிய தேர்வும் உண்டு. தச்சனுக்கும் கொல்லனுக்கும் உள்ள மதிப்பு அங்கே புரவி ஆசானுக்கும் உண்டு.

முடிவுரை

நம் நாட்டில் குதிரையேற்ற அறிவு நெடுங்காலம் படையின் பாதுகாப்பிலேயே இருந்தது. 1953இல் அமைந்த 61ஆம் குதிரைப்படை அம்மரபைச் சுமந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா குதிரையேற்றத்தில் தங்கம் வென்றபோது, முன்னின்றவர்கள் படைவீரர்கள். அதன்பின் 41 ஆண்டுகள் கழித்து, 2023இல் சீனத்தின் காங்சோவில் நடைப்பயிற்சி அணிக்குத் தங்கம் கிடைத்தது. வென்றவர்கள் படையினர் அல்லாத இளைஞரும் இளம்பெண்களும். அவர்கள் ஐரோப்பாவில் தங்கி, அங்குள்ள ஆசான்களிடம் பயின்றவர்கள். மகிழ்ச்சிக்குரிய வெற்றி, சிந்தனைக்கும் உரியது. பழங்காலத்தில் குதிரை கடல் கடந்து வந்தது, ஆசான் வரவில்லை. இன்று மாணவன் கடல் கடந்து ஆசானைத் தேடிச் செல்கிறான். இங்கேயே ஆசான்கள் பெருகும்போதுதான் இக்கதை நிறைவுறும்.

வியன்னாவின் நீள்கயிறும் இங்கிலாந்தின் தேர்வுத் தாளும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இவ்வரலாறு எனக்கு உணர்த்துவது. தாள் வாயிலைத் திறக்கிறது, தகாதவனைத் தடுக்கிறது, அதற்கு மேல் அதனால் இயலாது. கயிறு கலையைக் கைமாற்றுகிறது; ஆனால் யார் கையில் கொடுப்பது என்பதில் அது தவறிழைக்கக்கூடும். வாயில் அகன்றும் கயிறு அறாமலும் இருப்பதே நல்ல பள்ளி.

கவிதைக்குச் சான்றிதழ் இல்லை, இருக்கவும் வேண்டா. ஆயினும், பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில், முதற்கவிதையோடு கை நடுங்க எழுந்து நின்ற ஒவ்வொருவரையும் மூத்தோர் கேட்டிருக்கிறோம். அன்று நீள்கயிற்றின் மறுமுனை நம் கையில் இருந்தது. அதை இழுத்துப் பிடித்து வாயை நோகச் செய்தோமா, தளர விட்டு விழச் செய்தோமா, தாளம் நிலைபெறும்வரை பொறுத்திருந்தோமா என்பதை நாமே கேட்டுக்கொள்ள இவ்விழா நல்வாய்ப்பு. அன்று கேட்கப்பட்டவர்கள் இன்று பிறரைக் கேட்டுத் திருத்தும் நிலைக்கு உயர்ந்திருப்பின், வட்டத்துக்கு அதுவே சான்று. வட்டம் வாழ்க! வழிவழி வளர்க!